கேளிக்கையை வைத்தே ஒரு கொடுங்கோல் அரசு ஆள முடியுமா? கதை எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கற்பனை நாடு ஒன்றை உருவாக்கி, அதில் மக்களை அடக்கி ஆளும் அரசு ஒன்றை வைத்துக் கதையோ நாவலோ எழுதுகிறவர்களுக்காக இந்தப் பக்கம். "என் கதையில் அரசு யாரையும் அடிப்பதில்லை. எப்போதும் ஏதாவது ஒரு கேளிக்கையைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. மக்களும் அதில் மூழ்கிக் கிடக்கிறார்கள். இது நம்பும்படியாக இருக்குமா?" என்ற கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. பிறர் எழுதும் கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலையின் ஒரு பகுதி. பதில்களில் வரும் சம்பவங்கள் எல்லாம் வரலாற்றில் நடந்தவை. கற்பனை நாட்டுக்கும் மனித சுபாவம் வேண்டும் அல்லவா, அதை நிஜத்திலிருந்துதான் எடுக்க முடியும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். முடியுமா, முடியாதா?

கேளிக்கை துணைக்கு இருந்தால் நீண்ட காலம் ஆளலாம். கேளிக்கை மட்டும் இருந்தால் முடியாது.

கேளிக்கை பசியை ஆற்றாது. அரசின் மேல் பாசத்தையும் வளர்க்காது. அது செய்வது ஒரு வேலைதான்: மாலை நேரத்தை எடுத்துக்கொள்கிறது. வேலை முடிந்து களைத்து வந்த ஒருவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் "உங்களுக்கும் இப்படித்தான் நடந்ததா?" என்று கேட்டிருக்கக்கூடிய அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதுதான் அரசுக்கு வேண்டும். தன்னைப்போலவே நொந்துபோனவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாமல் இருக்கும்வரை கொடுங்கோலனுக்கு நிம்மதி.

அதனால் இப்படி ஒரு கதை வந்தால் நான் முதலில் பார்ப்பது, அதில் வரும் கேளிக்கை மக்களைக் கூட்டுகிறதா, பிரிக்கிறதா என்பதைத்தான். இது முடிவானால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

ரோமாபுரியில் ரொட்டியும் விளையாட்டும் கொடுத்தே ஆண்டார்கள் என்கிறார்களே?

அந்தச் சொற்றொடர் ஜுவெனல் என்ற ரோமானியக் கவிஞருடையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். ஒரு காலத்தில் பதவிகளையும் படைகளையும் தன் வாக்கால் வழங்கிய மக்கள் இப்போது ரொட்டி, பந்தயம் என்ற இரண்டுக்காக மட்டும் ஏங்குகிறார்கள் என்பது அவருடைய ஆதங்கம். கதை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது இதன் வரிசையை. மக்களின் வாக்குக்கு இருந்த மதிப்பு முதலில் போனது. அது போன வெற்றிடத்தில்தான் விளையாட்டு இத்தனை பெரிதாக வளர்ந்தது. விளையாட்டைக் காட்டி வாக்கைப் பறித்தார்கள் என்று எழுதினால் குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டிய கதையாகிவிடும்.

இன்னொன்று, அந்தத் தொடரில் ரொட்டி முதலில் வருகிறது. ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2,00,000 ரோமானியக் குடிமக்களுக்கு அரசு இலவசமாகத் தானியம் கொடுத்தது. எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பல் வர வேண்டும். கப்பல் தாமதமானால் எந்த மல்யுத்தமும் தேரோட்டமும் உதவாது. கி.பி. 80இல் கொலோசியத்தைத் திறந்தபோது 100 நாள் விழா நடத்தினார் பேரரசர் டைட்டஸ். அந்த 100 நாளும் நகரத்துக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று உங்கள் கதையில் யாராவது ஒருவராவது கவலைப்பட வேண்டும். ஒரு கிடங்கு கணக்கர் போதும்.

எனக்குப் பிடித்த ஒரு சின்ன விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜூலியஸ் சீசர் பந்தயம் பார்க்க வந்துவிட்டு, உட்கார்ந்த இடத்தில் கடிதங்களையும் மனுக்களையும் படித்துக்கொண்டிருப்பாராம். மக்களுக்கு அது பிடிக்கவில்லை. அகஸ்டஸ் அதைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டு, தான் வரும்போதெல்லாம் முழுக் கவனத்தோடு பந்தயத்தைப் பார்த்தார் என்று எழுதி வைத்திருக்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். உலகத்தையே ஆண்டவர், கூட்டம் தன் முகத்தைப் பார்க்கிறது என்பதற்காக ஆட்டத்தை ரசித்தாக வேண்டியிருந்தது. கேளிக்கை ஆட்சியில் கட்டுப்படுவது மக்கள் மட்டும் இல்லை.

பெரிய மைதானத்தில் லட்சம் பேரைக் கூட்டி விழா நடத்துவதாக எழுதியிருக்கிறேன். சரியா?

காட்சியாகப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அந்த அரசு தன் தலையில் தானே கொள்ளி வைத்துக்கொள்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கி.பி. 532, கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகர் கான்ஸ்டான்டினோப்பிள். அந்த நகரத்தின் உயிரே தேர்ப்பந்தயம்தான். நீலம், பச்சை என்று இரண்டு ரசிகர் கூட்டங்கள். ஒன்றையொன்று தெருவில் வெட்டிக்கொள்ளும் அளவுக்குப் பகை. அரசுக்கு இது வசதி. இவர்கள் அடித்துக்கொள்ளும்வரை அரண்மனைப் பக்கம் யாரும் திரும்பப் போவதில்லை.

அந்த ஜனவரியில் கலவரக் கொலைகளுக்காகச் சிலரைத் தூக்கிலிட்டார்கள். தூக்குமரம் முறிந்து இருவர் உயிரோடு கீழே விழுந்தார்கள். ஒருவர் நீலம், ஒருவர் பச்சை. துறவிகள் இருவரையும் ஒரு தேவாலயத்துக்குள் கொண்டுபோய் அடைக்கலம் கொடுக்க, வெளியே காவல் போட்டார்கள். மூன்று நாள் கழித்துப் பந்தயம். பேரரசர் ஜஸ்டீனியன் தன் மாடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பந்தயத்துக்குப் பந்தயம் "அந்த இருவரையும் மன்னியுங்கள்" என்ற கூச்சல். அவர் பதில் சொல்லவில்லை. அன்றைய 24 பந்தயங்களில் 22ஆவது முடிந்தபோது கூச்சலின் சொற்கள் மாறின. "நீலம் வாழ்க", "பச்சை வாழ்க" என்று எதிரெதிராக வந்துகொண்டிருந்த குரல்கள் சேர்ந்து, நீலமும் பச்சையும் ஒன்றாக வாழ்க என்று முழங்க ஆரம்பித்தன. வழக்கமாகத் தேரோட்டிகளைப் பார்த்துக் கத்தும் "நிகா", அதாவது "வெல்", அன்று கலகத்தின் அடையாளச் சொல் ஆகிவிட்டது.

நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. பழைய ஹாகியா சோபியா தேவாலயம் சாம்பலானது. ஜஸ்டீனியன் ஓடிப்போகவே ஆயத்தமாகி, பிறகு படையை அனுப்பினார். அதே பந்தய மைதானத்தில் கூடியிருந்தவர்களில் 30,000க்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள் என்று எழுதுகிறார் அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ்.

பார்த்தீர்களா, கலகத்துக்கு வேண்டியதையெல்லாம் அந்தக் கேளிக்கையே தயார் செய்து வைத்திருந்தது. கூடுவதற்கு இடம், ஒரே குரலில் முழங்கும் பழக்கம், தலைவர்கள், நிறங்கள், ஒரு சொல். பகை ஒரு மதியம் விலகியதும் அத்தனையும் அரண்மனைப் பக்கம் திரும்பியது. உங்கள் மைதானக் காட்சியில் இப்படி ஒரு 22ஆவது பந்தயம் வரட்டும். அது வருமோ என்று ஆட்சியாளர் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தாலும் போதும்.

அப்படியானால் எல்லாரையும் வீட்டிலேயே திரை முன்னால் உட்கார வைத்துவிட்டால்?

அதுதான் கெட்டிக்கார அரசு செய்வது. நல்ல உதாரணம், கம்யூனிஸ்டுகள் ஆண்ட கிழக்கு ஜெர்மனி.

தொடக்கத்தில் அங்கே மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சி பார்ப்பதைக் குற்றம்போலவே நடத்தினார்கள். 1961இல் இளைஞர் அமைப்பினர் கூரை ஏறி, மேற்குப் பக்கம் திரும்பியிருந்த ஆன்டெனாக்களைப் பிடுங்கியும் திருப்பியும் வைத்தார்கள். மக்கள் மறுபடி திருப்பிக்கொண்டார்கள். 1973இல் ஆட்சித் தலைவர் ஹோனெக்கரே, விரும்பியவர் போட்டுப் பார்க்கலாம், விரும்பாதவர் அணைக்கலாம் என்ற பொருளில் பேசிவிட்டார்.

நாட்டின் பெரும்பகுதியில் மேற்கின் அலைவரிசை கிடைத்தது. டிரெஸ்டன் பகுதியிலும் வடகிழக்கு மூலையிலும் மட்டும் கிடைக்கவில்லை. டிரெஸ்டன் பக்கத்தை "ஒன்றும் அறியாதவர்களின் பள்ளத்தாக்கு" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். மேற்கைப் பார்த்தவர்கள்தான் ஆட்சியை அதிகம் வெறுத்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? 1980களின் கடைசியில் எடுத்த கணக்கெடுப்புகளை வைத்து 2009இல் கெர்ன், ஹைன்முல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. மேற்கின் தொலைக்காட்சி கிடைத்தவர்கள் தங்கள் வாழ்க்கையிலும் ஆட்சியிலும் சற்றுக் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள். நாட்டைவிட்டு வெளியேற விண்ணப்பித்தவர்களின் விகிதம் டிரெஸ்டன் பக்கம் அதிகமாக இருந்தது. பெரும்பாலானவர்கள் மேற்கின் அலைவரிசையில் தேடியது செய்தியை விட நாடகங்களையும் படங்களையும்தான். எதிரி நாடு செலவு செய்து அனுப்பிய பொழுதுபோக்கு, இந்த நாட்டின் மாலை நேரத்தைத் தாங்கிப் பிடித்தது.

இதை முதலில் படித்தபோது எனக்கு இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை. நான் அதுவரை நம்பிவந்த ஒன்றை அது உடைத்துவிட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1989 நவம்பர் 9 இரவு, எல்லை திறந்துவிட்டது என்ற செய்தியைக் கிழக்கு பெர்லின் மக்களுக்கு வேகமாகக் கொண்டுபோனதும் அதே மேற்குத் தொலைக்காட்சிதான். அதைக் கேட்டு மக்கள் எல்லைச் சாவடிகளில் குவிந்தார்கள். பதினாறு வருடம் மயக்க மருந்தாக இருந்த பெட்டி ஒரே இரவில் தண்டோராவாக மாறியது. உங்கள் அரசு திரையை நம்புகிறது என்றால், திரை யார் கையில் என்ற கேள்வி கதையின் அடியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

என் அரசுக்கு உளவுத்துறையே கிடையாது. கேளிக்கை போதும் என்று வைத்திருக்கிறேன்.

இதை மாற்றிவிடுங்கள். மேலே சொன்ன அதே கிழக்கு ஜெர்மனியில், 1989இல் ஸ்டாசி என்ற உளவுத்துறைக்கு ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். ஒற்றர்கள் தனி. தொலைக்காட்சியைப் பார்க்க விட்டவர்கள் கடிதங்களைப் பிரித்துப் படிப்பதை நிறுத்தவில்லை.

நாஜி ஜெர்மனியும் அப்படித்தான். 1933இல் பதவிக்கு வந்த கையோடு மலிவான வானொலிப் பெட்டியை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தார்கள். வானொலி நிர்வாகிகளுக்குப் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அழுத்திச் சொன்ன விதி, சலிப்பூட்டாதீர்கள் என்பது. அந்த ஆட்சியில் வந்த படங்களிலும் பெரும்பான்மை காதல், நகைச்சுவை, பாட்டு வகைதான், நேரடிப் பிரசாரம் குறைவு. ஆனால் 1939 செப்டம்பரில் போர் தொடங்கிய அன்றே வெளிநாட்டு வானொலி கேட்பது தண்டனைக்குரிய குற்றமானது. பெட்டியைக் கையில் கொடுத்தவர்களே, முள்ளைத் தவறான இடத்துக்குத் திருப்பினால் சிறையில் தள்ளினார்கள்.

உங்கள் கதையில் தடி கண்ணில் படாமல் இருக்கலாம். ஆனால் அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாத்திரங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பெயரைச் சொல்லும்போது அம்மா குரலைத் தாழ்த்துகிறாள், எந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது பேருந்தில் பேச்சு நிற்கிறது என்று காட்டினால் போதும்.

ஹக்ஸ்லியா, ஆர்வெல்லா? எந்தப் பக்கம் போவது?

இன்பத்தால் ஆளும் உலகத்தை 1932இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி எழுதினார். பயத்தால் ஆளும் உலகத்தை 1949இல் ஜார்ஜ் ஆர்வெல் எழுதினார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஆர்வெல்லின் நாவலிலேயே பாமர மக்களுக்காக மலிவான பாட்டும் கதையும் இயந்திரத்தில் தயாரிக்கும் துறை ஒன்று உண்டு. நிஜ ஆட்சிகள் பெரும்பான்மைக்கு ஒன்றையும் சிறுபான்மைக்கு மற்றதையும் ஒதுக்கின. யாருக்கு எது என்று எந்த அலுவலகத்தில் முடிவாகிறது? உங்கள் நாவல் அங்கே தொடங்கலாம்.

கேளிக்கையை யார் தயாரிக்கிறார்கள் என்று காட்ட வேண்டுமா?

கட்டாயம் காட்டுங்கள். பெரும்பாலான கதைகளில் நிகழ்ச்சிகள் வானத்திலிருந்து விழுவதுபோல வந்துவிடுகின்றன. யாரோ ஒருவர் வசனம் எழுத வேண்டும், மெட்டுப் போட வேண்டும். பயந்து நடுங்குகிறவனால் ரசிக்கும்படி எழுத முடியாது. பயமில்லாதவனை அரசால் விட்டுவைக்க முடியாது. கேளிக்கை ஆட்சியின் தீராத தலைவலி இது.

1978இல் வட கொரியா இதற்குக் கண்டுபிடித்த வழி ஆள்கடத்தல். தென் கொரியாவின் புகழ்பெற்ற நடிகை சோய் யுன்-ஹீ, இயக்குநர் ஷின் சாங்-ஓக் இருவரையும் ஹாங்காங்கிலிருந்து கடத்திக்கொண்டு போனார்கள். சொந்த நாட்டுப் படங்கள் சுவாரசியமாக இல்லை என்பது ஆட்சித் தலைவரின் மகன் கிம் ஜோங்-இல்லின் குறை. ஷின் வருடக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டுப் பிறகு அந்த அரசுக்காகப் படம் எடுத்தார். 1986இல் வியன்னாவுக்கு வந்த இடத்தில் இருவரும் தப்பித்து அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். எல்லா அதிகாரமும் கையில் இருக்கிறது, நல்ல கதை சொல்லத் தெரிந்த இருவர் மட்டும் இல்லை. அந்த இயலாமையை அப்படியே ஒரு நாவலாக எழுதலாம்.

மக்கள் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தால் அதைக் கொடுங்கோன்மை என்று எப்படிச் சொல்வது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது.

1978 ஜூன் 25. அர்ஜென்டினா நெதர்லாந்தை 3-1 என்று வென்று உலகக் கோப்பையைப் பிடித்தது. நாட்டை ஆண்டது ராணுவம். ஆட்டம் நடந்த மைதானத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள் ஒரு கடற்படைப் பயிற்சிப் பள்ளி இருந்தது. அந்த ஆட்சிக் காலத்தில் ஏறக்குறைய 5,000 பேர் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். மிகப் பெரும்பாலானோர் திரும்பவில்லை. மைதானத்தின் ஆரவாரம் உள்ளே இருந்த கைதிகளின் காதில் விழுந்தது.

அன்று இரவு, சித்திரவதை செய்த அதிகாரிகள் சில கைதிகளைக் காரில் ஏற்றி நகரத்துக்குள் கூட்டிப்போனார்கள். வெற்றிக் கொண்டாட்டத்தைக் காட்ட. பிழைத்து வந்த பெண் ஒருவர் பின்னாளில் இதைச் சாட்சியமாகச் சொன்னார். காரின் மேல்கூரைத் திறப்பு வழியாகத் தலையை வெளியே நீட்டிப் பார்க்க அனுமதி கேட்டாராம். சுற்றிலும் மக்கள் வெள்ளம், கொடி, பாட்டு, ஆட்டம். நான் காணாமல் போனவள் என்று இப்போது உரக்கக் கத்தினாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்று அந்தக் கணத்தில் அவருக்குத் தோன்றியது. அழுதார்.

தெருவில் ஆடிய மக்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் மகிழ்ச்சி பொய்யும் இல்லை. தங்கள் அணி ஜெயித்தது, ஆடினார்கள். அந்த மகிழ்ச்சியை அரசு எதற்குப் பயன்படுத்தியது என்பதில்தான் கொடுமை இருக்கிறது. கத்தினாலும் கேட்காத தூரத்துக்கு அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டது, அதுவும் நெரிசலின் நட்டநடுவில். அதனால் கதையில் மகிழ்ச்சியைக் கேலி செய்து எழுதாதீர்கள். ரசிகர்களை முட்டாள்களாகக் காட்டினால் வாசகர் அவர்களைவிட்டு விலகி நின்று பார்ப்பார். அவர்களோடு சேர்ந்து அவரையும் ஆட வைத்துவிட்டு, அப்புறம் அந்தக் காரைக் காட்டுங்கள்.

மின்வெட்டு, ஒளிபரப்புக் கோளாறு என்று கேளிக்கை நின்றுவிட்டால் ஆட்சி கவிழ்ந்துவிடுமா?

உடனே கவிழாது. ஆனால் ருமேனியாவைப் பாருங்கள். 1980களில் அதன் சர்வாதிகாரி சௌசெஸ்கு வெளிநாட்டுக் கடனை அடைக்க மக்களின் உணவையும் மின்சாரத்தையும் வெட்டினார். 1985 முதல் தொலைக்காட்சியும் வேலை நாட்களில் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. அதிலும் பாதி அவருடைய புகழ்பாட்டு. எல்லைப்புறத்தில் இருந்தவர்கள் பல்கேரியாவின் அலைவரிசையைப் பிடித்தார்கள். மற்றவர்கள் கடத்திவந்த வீடியோ கேசட்டை ஒரு வீட்டில் கூடிப் பார்த்தார்கள். இந்தக் கூடிப் பார்த்தல்தான் முக்கியம். அரசு கொடுத்திருந்தால் தனித்தனியாக உட்கார்ந்திருப்பார்கள். கொடுக்காததால் ஒரே அறைக்குள் வந்தார்கள். 1989 டிசம்பர் 21 அன்று அவர் கூட்டிய கூட்டமே நேரலையில் அவர் முகத்துக்கு எதிராகக் கூச்சலிட்டது. நான்கு நாளில் எல்லாம் முடிந்தது.

எந்தப் பாட்டை, எந்தக் கதையைத் தடை செய்வார்கள்?

இதில்தான் அரசுகள் அதிகம் சறுக்குகின்றன. 1968இல் சோவியத் படையெடுப்புக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவை ஆண்டவர்கள் மக்களிடம் சொல்லாமல் சொன்ன ஒப்பந்தம் எளிமையானது: அரசியல் பேசாதீர்கள், வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், மாலையில் சீரியல் பாருங்கள். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. 1976இல் நீளமுடி வைத்த ராக் இசைக்குழுவினர் சிலரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர்கள் அரசியல் பாடியவர்கள்கூட இல்லை, தங்களுக்குப் பிடித்ததை வாசித்தவர்கள். அந்த வழக்கைப் பார்த்துக் கொதித்தவர்கள் ஒன்றுசேர, அதிலிருந்து 1977 ஜனவரியில் "சாசனம் 77" என்ற மனித உரிமை அறிக்கை பிறந்தது. அதில் கையெழுத்திட்ட வாட்ஸ்லாவ் ஹாவெல் 1989 டிசம்பரில் நாட்டின் அதிபர்.

தடை செய்யாமல் விட்டதும் காலை வாரும். 48 வருடம் சர்வாதிகாரத்தில் இருந்த போர்ச்சுகலில், 1974 ஏப்ரல் 24 இரவு வானொலியில் ஒரு காதல் பாட்டு ஒலித்தது. அந்த வருட யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு நாடே அனுப்பிய பாட்டு. யாருக்குச் சந்தேகம் வரும்? படைப்பிரிவுகள் ஆயத்தமாக வேண்டும் என்பதற்கான சைகை அது. நள்ளிரவு தாண்டி இன்னொரு பாட்டு வந்ததும் வண்டிகள் கிளம்பின. அடுத்த நாள் மாலைக்குள் ஆட்சி போய்விட்டது.

ஒரு முக்கியமான நாளில் மட்டும் மக்களைத் திசைதிருப்பலாமா?

முயன்றிருக்கிறார்கள். இந்தியாவில் நெருக்கடி நிலையைத் தளர்த்தித் தேர்தல் அறிவித்த பின், 1977 பிப்ரவரியில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் எதிர்க்கட்சிகள் பெரிய கூட்டம் போட்டன. அதே மாலை தூர்தர்ஷனில் "பாபி" என்ற பிரபலமான இந்திப் படம். கூட்டத்தைக் குறைக்கத்தான் அந்தப் படம் என்று அப்போதே பரவலாகப் பேசினார்கள். மைதானம் நிரம்பி வழிந்தது. ஒரு படத்தால் ஓர் ஆண்டின் சோம்பலைக் காப்பாற்றலாம், ஒரு நாளின் கோபத்தைத் தடுக்க முடியாது.

இணையக் காலத்துக் கதை என்றால்?

வேலை இன்னும் சுலபம். வாயை அடைக்க வேண்டியதில்லை, பேச்சை மாற்றினால் போதும். சீன அரசின் சார்பில் வருடத்துக்குச் சுமார் 44.8 கோடி சமூக ஊடகப் பதிவுகள் எழுதப்படுவதாக 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவை விமர்சகர்களோடு வாதாடுவதே அபூர்வம். வாழ்த்து, பெருமிதம், வேறு விஷயம் என்று பேச்சை அந்தப் பக்கமே போகவிடாமல் செய்கின்றன.

அதே அரசு 2021இல் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இணைய விளையாட்டு ஆடுவதை வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை என்று சுருக்கியது. அரசுக்கு உழைக்கிற கையும் படிக்கிற மூளையும் வேண்டுமே. மயங்கிக் கிடக்கும் மக்களை வைத்துத் தொழிற்சாலை நடத்த முடியாது. உங்கள் அரசும் மயக்கத்தின் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அளவு தப்பும் நாளில் கதை நகரும்.

என் நாயகன் எப்படி விழித்துக்கொள்வான்?

தடை செய்யப்பட்ட புத்தகம் ஒன்று கையில் கிடைத்து விழிப்பதாக எழுதாதீர்கள், பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. துக்கத்தை யோசித்துப் பாருங்கள். கேளிக்கை ஆட்சியால் எல்லாவற்றையும் வேடிக்கையாக்கிவிட முடியும், வீட்டில் ஒருவர் காணாமல் போன துக்கத்தை மட்டும் முடியாது.

அர்ஜென்டினாவில் 1977 ஏப்ரல் 30 அன்று, பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மார்கள் 14 பேர் ஜனாதிபதி மாளிகை முன்னால் உள்ள பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்றது போலீஸ். சரி என்று ஜோடி ஜோடியாகக் கைகோத்துச் சதுக்கத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். பிறகு வாரம் தவறாமல் வியாழக்கிழமைகளில் நடந்தார்கள். முதலில் வந்தவர்களில் சிலரே பின்னர் காணாமலாக்கப்பட்டார்கள். மற்றவர்கள் நிறுத்தவில்லை. உலகக் கோப்பை தொடங்கிய நாளில் தொடக்க விழாவைவிட்டு இந்தச் சதுக்கத்துக்கு வந்து படம்பிடித்தார்கள் நெதர்லாந்துச் செய்தியாளர்கள். ராணுவ ஆட்சி 1982இல் பிரிட்டனுடன் நடந்த போரில் தோற்று, 1983இல் இடத்தைக் காலி செய்தது. தாய்மார்கள் அதற்குப் பிறகும் நடந்தார்கள்.

முதல் காட்சிக்கு யோசனை ஏதாவது?

ஓர் அடுக்குமாடி. நாடே பார்க்கும் நிகழ்ச்சியின் இறுதிச் சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. வெற்றியாளர் பெயரைச் சொல்ல வாயெடுக்கும்போது மின்சாரம் போகிறது. கதவுகள் திறக்கின்றன. மெழுகுவத்தியோடு ஒவ்வொருவராகப் படிக்கட்டுக்கு வருகிறார்கள். யார் ஜெயித்திருப்பார் என்று பேச்சு. சிரிப்பு. ஒரே கட்டடத்தில் இத்தனை வருடம் இருந்தும் சிலர் அன்றுதான் ஒருவரை ஒருவர் கிட்டத்தில் பார்க்கிறார்கள். அப்போது ஒரு பெரியவர், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "இரண்டாவது மாடியில் அந்தப் பையன் இருந்தானே, அவன் எங்கே?" என்று கேட்கிறார்.

ஒருவரும் பேசவில்லை. யாரோ மெழுகுவத்தியை வாயால் ஊதி அணைக்கிறார்கள், முகம் தெரியக் கூடாது என்று. இருட்டில் ஒரு பெண் குரல்: "எங்கள் வீட்டிலும் ஒருவர்."

மின்சாரம் வந்துவிடுகிறது. எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கைதட்டல் சத்தம். பெரும்பாலானவர்கள் எழுந்து உள்ளே போகிறார்கள். நான்கு பேர் மட்டும் படியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.